லாபியிஸ்டும் செயற்பாட்டாளரும்: இந்தத் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்பாட்டாளரும் லாபியிஸ்டும் ஒன்றா?

போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று, வழிதான் வேறு. செயற்பாட்டாளர் ஒரு பிரச்சினையை ஊர் பேசும்படி செய்கிறார். லாபியிஸ்ட் அந்தப் பேச்சைச் சட்டத்தில் ஒரு பிரிவாகவோ, விதியில் ஒரு வாசகமாகவோ, பட்ஜெட்டில் ஒரு வரியாகவோ ஆக்கப் பார்க்கிறார். வரிச்சலுகை கேட்டு அமைச்சகப் படி ஏறும் கம்பெனிக்காரரும் லாபியிஸ்ட்தான். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டு அதே படி ஏற முடியாமல் கீழே நிற்பவரும் லாபியிஸ்ட்தான்.

இந்த இரண்டு வேலையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் பிரிட்டன். 1787இல் 12 பேர் சேர்ந்து அடிமை வணிக ஒழிப்புக் குழு தொடங்கினார்கள். தாமஸ் கிளார்க்சன் குதிரையேறித் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி மாலுமிகளிடம் சாட்சியம் திரட்டினார், கைவிலங்குகளையும் சித்திரவதைக் கருவிகளையும் விலைக்கு வாங்கிக் காட்டினார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்துக்குள் தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவர் திரட்டிய சரக்கு இன்னொருவர் வாயில் பேச்சானது. இன்றும் வேலைப் பிரிவினை ஏறக்குறைய அதுவே.

நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்?

பெரும்பாலும் வாசிப்பு. மசோதா, திருத்தம், குழு அறிக்கை, தணிக்கை அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு. அடுத்தது எழுத்து. அதற்கும் அடுத்துத்தான் சந்திப்பு. சினிமாவில் வரும் விருந்து, கைகுலுக்கல், காதோடு கிசுகிசு எல்லாம் வேலையில் சிறு பங்கு. மசோதா விவாதத்துக்கு வரும் வாரத்தில் மட்டும் தூக்கம் போகும்.

எந்தப் படிப்பு வேண்டும்? எங்கே தொடங்குவது?

கட்டாயப் படிப்பு எதுவும் கிடையாது. சட்டம், பொருளியல், பொது நிர்வாகம், இதழியல் படித்தவர்கள் அதிகம் தென்படுவார்கள். பட்டத்தைவிடப் பெரிய தகுதி, ஒரு துறையில் அதிகாரிக்குச் சமமாகப் பேச முடிவது. மருந்து விலையோ, மீன்பிடி உரிமையோ, குடிநீரோ எதுவானாலும், அந்தத் துறையின் சட்டம், விதிகள், கடந்த சில ஆண்டு பட்ஜெட் ஒதுக்கீடு மூன்றும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நல்ல பயிற்சிக் களம் மூன்று: மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகம், தேர்தல் பிரசாரம், ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துப் போராடும் சிறு அமைப்பு. முதல் இடத்தில் கோப்பு எப்படி நகர்கிறது என்று தெரியும். இரண்டாவதில் பிரதிநிதி எதற்கு அஞ்சுவார் என்று தெரியும். மூன்றாவதில் காசில்லாமல் வேலை பார்க்கத் தெரியும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் முதலாவது. வரும் நூறு மனுவில் எது வாசிக்கப்படுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு மனு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். முதல் படி என்ன?

கோபத்தை ஒரு வாக்கியமாகச் சுருக்குவது. "மாசைக் கட்டுப்படுத்து" என்பது முழக்கம். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதுவும் எழுத முடியாது. எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவில் எந்தச் சொல் மாற வேண்டும் என்பதே கோரிக்கை.

பிறகு, அந்தச் சொல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தில் இருந்தால் சட்டமன்றம் போக வேண்டும், ஆண்டுகள் ஆகும். விதியில் இருந்தால் துறையே மாற்றலாம். அரசாணையிலோ சுற்றறிக்கையிலோ இருந்தால் ஒரு கையெழுத்தில் முடியலாம். காசுதான் இல்லை என்றால் சட்டத்தைத் தொடவே வேண்டாம், பட்ஜெட் தயாராகும் மாதங்களில் நிதித்துறைப் பக்கம் போங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான்: சுற்றறிக்கையில் தீரக்கூடியதற்குப் புதுச் சட்டம் கேட்டு ஐந்தாறு ஆண்டு அலைவது.

சொல் என்றோமே, அது மிகையில்லை. "வழங்கலாம்" என்பதும் "வழங்க வேண்டும்" என்பதும் ஒரு வினைச்சொல்லின் இரு முடிவுகள். முதலாவது அதிகாரியின் விருப்பம், இரண்டாவது குடிமகனின் உரிமை. "மற்றும்", "அல்லது" இடம் மாறினால் பயனாளிகள் பாதியாகலாம். வரையறைப் பிரிவை யாரும் வாசிப்பதில்லை என்பதால் பெரும்பாலான கண்ணிகள் அங்கேதான் வைக்கப்படுகின்றன.

யாரைப் பார்க்க வேண்டும்? எல்லா உறுப்பினர்களையுமா?

பேனா யார் கையில் இருக்கிறதோ அவரை. வரைவு எழுதும் நிலையில் அது துறையின் நடுமட்ட அதிகாரி. அமைச்சரவைக்குப் போன பின் அமைச்சர். அவையில் இருக்கும்போது குழுத் தலைவரும் இரு பக்கத்துக் கொறடாக்களும். வரைவு நிலையில் ஒரு மணி நேரத்தில் முடிவது, அவைக்கு வந்த பின் ஆறு மாதம் எடுக்கும். அச்சில் வந்துவிட்ட ஒன்றைத் திருத்துவது யாரோ ஒருவர் தோற்றதாகிவிடும், அதனால்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்காவில் உறுப்பினர் தனித்தனியாக முடிவெடுப்பதால் தலை எண்ணுவதில் பொருள் உண்டு. இந்தியாவில் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். வாக்கெடுப்பு நாளில் தனி எம்.பி.யைக் கெஞ்சி ஆவது குறைவு. அங்கே நாடாளுமன்ற நிலைக்குழுதான் வாசல். குழுவுக்குள் கொறடா உத்தரவு செல்லாது, எழுத்து மனுக்களையும் வாங்குவார்கள். வரைவை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒரு முன்கலந்தாய்வுக் கொள்கை வந்தது. அது சட்டமில்லை, கொள்கைதான். நடைமுறையில் பலமுறை தாண்டிப் போகிறார்கள்.

தலை எண்ணுகிற இடத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: 1 உறுதியான ஆதரவு, 2 சாய்வு, 3 தெரியவில்லை, 4 எதிர்ச் சாய்வு, 5 உறுதியான எதிர்ப்பு. உழைப்பு முழுக்க 2, 3, 4க்கு. "பரிசீலிக்கிறேன்", "உங்கள் கவலை புரிகிறது", "நல்ல விஷயம்தான்" இவை மூன்றும் 3தான். "ஆதரித்து வாக்களிப்பேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் 1. மரியாதையை ஆதரவாக எண்ணித் தோற்ற மசோதாக்கள் ஏராளம்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட அமெரிக்கத் தேசியப் பெண்கள் கட்சி இதை அட்டைப் பெட்டியாகவே வைத்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அட்டைகள்: குடும்பம், படிப்பு, நண்பர்கள், ஊரில் யார் சொன்னால் கேட்பார், முன்பு எப்படி வாக்களித்தார். மாட் யங்கர் தலைமையில் அந்தப் பிரிவு நடந்தது. இன்று அட்டைக்குப் பதில் விரிதாள், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: அதில் எழுதுவது நாளை கசிந்து நாளிதழில் வந்தாலும் வெட்கப்படாதபடி இருக்க வேண்டும். தனிவாழ்க்கை வதந்திகளுக்கு அங்கே இடமில்லை.

சந்திப்புக்கு எப்படித் தயாராவது?

இருபது நிமிடம் தருவார்கள், பத்தில் எழுந்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள்: பாதிக்கப்பட்ட ஒருவர், விவரம் தெரிந்த ஒருவர், பேச்சை நடத்த ஒருவர். பாதிக்கப்பட்டவர் அந்த உறுப்பினரின் தொகுதிக்காரராக இருந்தால் அவரே பேசட்டும். முதல் இரண்டு நிமிடத்திலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள். வரலாறு சொல்லிக் கடைசியில் கேட்கலாம் என்று இருந்தால், கேட்பதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிடும்.

ஒரு சந்திப்புக்கு ஒரு கோரிக்கை. ஐந்து வைத்தால் அவருக்கு எளிதானதைச் செய்து அனுப்பிவிடுவார், நீங்களும் நன்றி சொல்லி வெளியே வர வேண்டியிருக்கும்.

கேட்டு முடித்ததும் பேச்சை நிறுத்துங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நீங்கள் நிரப்பக் கூடாது. அவர் சொல்லும் தயக்கத்தில்தான் உண்மையான தடை தெரியும். "நிதித்துறை ஒப்புக்கொள்ளாது" என்றால் உங்கள் அடுத்த சந்திப்பு எங்கே என்று அவரே சொல்லிவிட்டார். 24 மணி நேரத்துக்குள் நன்றியும், கேட்ட விவரமும், ஒப்புக்கொண்டது என்ன என்ற ஒரு வரியும் போய்ச் சேர வேண்டும்.

தலைவரைப் பார்க்க முடியவில்லை, உதவியாளர்தான் கிடைத்தார் என்று வருந்துபவர்கள் உண்டு. குறிப்பு எழுதுவது அந்த உதவியாளர்தான்; பல நேரங்களில் அதுவே நல்ல சந்திப்பு.

கையில் கொடுக்கும் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கம், ஒரு தாள். மேலே கோரிக்கை, ஒரே வாக்கியம். அடுத்து இப்போதுள்ள வாசகமும் நீங்கள் கேட்கும் வாசகமும் பக்கம் பக்கமாக. பிறகு எத்தனை பேருக்குப் பாதிப்பு, அந்த எண் எங்கிருந்து வந்தது. பிறகு செலவு. செலவைச் சொல்லாத குறிப்பை அதிகாரி நம்புவதில்லை, அவராகப் பெரிய தொகை ஒன்றைப் போட்டுக்கொள்வார். கடைசியாக, எதிர்ப்பவர் யார், அவர் சொல்லும் வலுவான வாதம் என்ன, அதற்குப் பதில் என்ன. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்வாதம் எப்படியும் அந்த மேசைக்கு வரும். உங்கள் மூலம் முதலில் வந்தால் நீங்கள் நம்பத்தக்கவர்.

ஆதாரம் திரட்டும் முறைக்கு ராஜஸ்தான் ஒரு பாடம். 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 முதல் கிராமங்களில் பொது விசாரணை நடத்தியது. கூலிப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. தகவல் உரிமை எதற்கு என்று அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தவறான எண் ஒன்றைக் கொடுத்துவிட்டோம். என்ன செய்வது?

அன்றே, கொடுத்த அத்தனை பேரிடமும் எழுத்தில் திருத்தம். எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன்பு. உங்கள் எண்ணை வைத்து உறுப்பினர் அவையில் பேசி, அங்கே அது பொய் என்று அம்பலமானால், அவர் உங்களை மறுபடி உள்ளே விடமாட்டார். பக்கத்து அறைக்காரரிடமும் சொல்லிவைப்பார்.

கையெழுத்து இயக்கம், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவது - பலன் உண்டா?

வரம்பு எழுதப்பட்ட இடத்தில் உண்டு. பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுவில் 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும், 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சிக்கு ஓராண்டில் 10 லட்சம் கையெழுத்து வேண்டும், குறைந்தது 7 நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான வரம்பையும் தொட வேண்டும். செல்லாமல் போகும் கையெழுத்துகள் எப்போதும் இருக்கும்; இலக்குக்கு மேல் தாராளமாகவே திரட்டுங்கள்.

வரம்பு எழுதப்படாத இடத்தில், ஒரே வாசகத்தில் வரும் பத்தாயிரம் மின்னஞ்சல் ஒரு எண்ணாக மட்டுமே பதிவாகும். தொகுதிக்காரர் தன் சொந்தச் சொல்லில் எழுதிய கடிதம் வாசிக்கப்படும். 1920 ஆகஸ்டில் அமெரிக்காவின் டென்னசி மாநில அவையில் பெண்கள் வாக்குரிமைத் திருத்தம் ஊசலாடியபோது, 24 வயது ஹாரி பர்ன் எதிர் அணியின் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். சட்டைப்பையில் ஆதரிக்கச் சொல்லி அம்மா எழுதிய கடிதம். ஆதரித்தார், திருத்தம் நிறைவேறியது. எல்லாருக்கும் அம்மா கடிதம் கிடைக்காது. ஊர் மருத்துவரோ, பழைய ஆசிரியரோ, கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளரோ எழுதலாம்.

தெருவில் இறங்கினால் உள்ளே பேச்சுவார்த்தை கெடாதா?

நேரம் தவறினால் கெடும். கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்ட 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்தவர் பேயர்ட் ரஸ்டின். அதே ஊரில் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் அலுவலகத்தை நடத்தியவர் கிளாரன்ஸ் மிட்செல். நூறு பேர் கொண்ட செனட்டில் மிட்செலை "101ஆவது செனட்டர்" என்பார்கள், அவ்வளவு நேரம் அந்தத் தாழ்வாரத்திலேயே கிடந்தார். 1964 ஜூன் 10 அன்று, அந்த உரிமைகளுக்கான மசோதாவை மறித்த தொடர் பேச்சை முடிக்க 67 வாக்கு தேவைப்பட்டது, 71 கிடைத்தது. பேரணி இல்லாமல் மசோதாவுக்கு வேகம் இருந்திருக்காது. தாழ்வாரம் இல்லாமல் 67ஐ யார் எண்ணுவது?

நடைமுறையில் சில விதிகள். உள்ளே பேசுபவரும் வெளியே முழங்குபவரும் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்ள வேண்டும். சாய்வில் இருப்பவரின் வீட்டு வாசலில் போராட்டம் வைக்காதீர்கள், அவர் 2இலிருந்து 4க்குப் போவார். ஒப்புக்கொண்ட மறுநாள் முற்றுகையிட்டால் இனி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அனுமதி, பாதை, குடிநீர், முதலுதவி, வழக்கறிஞரின் எண், காவல்துறையோடு பேச ஒரே ஆள்: இவை எழுத்தில் இருக்கட்டும். பேரணியில் ஒரே ஒரு கல் பறந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி கல்தான்.

பல அமைப்புகள் சேர்ந்த கூட்டணிகள் ஏன் உடைகின்றன?

பெரும்பாலும் மேடையில் யார் முதலில் பேசுவது என்பதில். மீதி, சமரசம் வரும் கட்டத்தில். தொடக்கத்திலேயே ஒரே பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள்: கோரிக்கை என்ன, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது, கூட்டணி பெயரில் யார் அறிக்கை விடலாம், செலவு யாருடையது. நடுவில் விலக நினைப்பவர் முதலில் கூட்டணிக்குச் சொல்ல வேண்டும், நிருபருக்கு இல்லை.

முழுதாகக் கேட்பதா, கிடைத்ததை வாங்கிக்கொள்வதா?

ஒரு சோதனை உண்டு. கிடைக்கிற துண்டு அடுத்த படிக்கு ஏணியா, கதவை அடைக்கும் தாழ்ப்பாளா? 1806இல் பிரிட்டனில், அடிமை வணிக எதிர்ப்பு வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீஃபன் யோசனையில் வந்த சட்டம், பிறநாட்டுக் குடியேற்றங்களுக்கு பிரிட்டிஷார் அடிமைகளைக் கொண்டுசெல்வதைத் தடுத்தது. போர்க்கால நடவடிக்கை போன்ற தோற்றத்தில் பெரிய சத்தமில்லாமல் நிறைவேறியது. வணிகத்தின் பெரும்பகுதி அதோடு விழுந்தது, அடுத்த ஆண்டே முழுத் தடை வந்தது. அது ஏணி. "இதைச் செய்துவிட்டோம், இனி இந்த விஷயத்தை எடுக்க வேண்டாம்" என்று சொல்ல வசதியாகத் தரப்படும் ஆய்வுக்குழு பெரும்பாலும் தாழ்ப்பாள். குழுவை ஏற்பதானால் காலக்கெடுவும், அறிக்கையை வெளியிடும் கட்டாயமும் சேர்த்தே கேளுங்கள்.

பதிவு செய்ய வேண்டுமா?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. கவனக்குறைவாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் 1995இன் லாபி வெளிப்படுத்தல் சட்டம்: ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பு கொண்டு, மூன்று மாத காலத்தில் அவருக்கான வேலை நேரத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் லாபிக்குப் போனால் நீங்கள் லாபியிஸ்ட். செலவோ வரவோ குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் 45 நாளுக்குள் பதிவு, காலாண்டுக்கு ஒரு அறிக்கை. மீறினால் 2 லட்சம் டாலர் வரை உரிமையியல் அபராதம், தெரிந்தே ஊழல் நோக்கில் மீறினால் சிறை. வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்தால் 1938இன் தனிச் சட்டம், அது இன்னும் கடுமை.

அயர்லாந்தின் 2015 சட்டம் பொதுநல அமைப்புகளையும் பிடிக்கும். ஆண்டுக்கு மூன்று அறிக்கை. பிரிட்டனின் 2014 சட்டம் பிறருக்காகக் கூலிக்கு லாபி செய்யும் ஆலோசகரை மட்டும் பதியச் சொல்கிறது. ஜெர்மனியில் 2022 முதல் பதிவேடு. சிலி 2014இல் பொறுப்பைத் திருப்பிப் போட்டது: யார் சந்தித்தார்கள், என்ன பரிசு வந்தது என்று அதிகாரியே வெளியிட வேண்டும். நல்ல யோசனை. இந்தியாவில் லாபிக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டம் உண்டு. 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை.

எங்கே இருந்தாலும் முதல் நாளிலிருந்து ஒரு நாட்குறிப்பு வையுங்கள்: தேதி, யாரை, எதைப் பற்றி, எவ்வளவு நேரம், என்ன கொடுத்தோம். அறிக்கை நாளில் நினைவிலிருந்து எழுத முயன்றால் பொய் வந்துவிடும்.

பரிசு, விருந்து?

வேண்டாம். விதி அனுமதித்தாலும் வேண்டாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

கம்பெனிக்கும் தொழில் சங்கங்களுக்கும் வேலை பார்த்தால் சம்பளமோ மாத ஒப்பந்தமோ. பொதுநல அமைப்பானால் உறுப்பினர் சந்தா, நன்கொடை, அறக்கட்டளை நிதி. "சட்டம் நிறைவேறினால் இவ்வளவு" என்ற வெற்றிக் கட்டணத்தைத் தொடாதீர்கள். கனடாவில் ஆலோசக லாபியிஸ்டுக்கு அது சட்டப்படி தடை, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் தடை.

தொண்டு நிறுவனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனம் ஓரளவுக்கு லாபி செய்யலாம், வேட்பாளரை ஆதரிக்கவே கூடாது. இந்தியாவில் அரசியல் தன்மை கொண்ட அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வாங்கிய நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. ஆள் சம்பளத்தை நம்பி நடக்கும் பரப்புரை அமைப்புகளுக்கு இது நேரடி அடி.

நிதி கொடுப்பவர் யார் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். தயங்கினால் அந்தப் பணத்தை வாங்கியிருக்கக் கூடாது.

அரசுப் பதவியிலிருந்து நேராக வரலாமா?

பல நாடுகளில் இடைவெளிக் காலம் உண்டு. அமெரிக்க செனட்டர் 2 ஆண்டு, பிரதிநிதிகள் அவை உறுப்பினர் 1 ஆண்டு காத்திருக்க வேண்டும். கனடாவில் உயர்பதவி வகித்தவருக்கு 5 ஆண்டு. லாபியிஸ்ட் என்ற பெயர் இல்லாமல் "ஆலோசகர்" என்று உட்கார்ந்து பிறரை அனுப்புவது பழைய தந்திரம். சட்டத்தில் தப்பினாலும் செய்தியில் தப்பாது.

சட்டம் நிறைவேறிவிட்டது. வேலை முடிந்ததா?

பாதி. நடைமுறைக்கு வரும் தேதி, விதிகள், ஆள், காசு ஆகிய நான்கும் மீதி. இந்திய நாடாளுமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை 2002இல் நிறைவேற்றியது. அமலுக்கு வரும் தேதியே அறிவிக்கப்படவில்லை. கடைசியில் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பிரிட்டனில் ஈஸ்டர் பண்டிகைத் தேதியை நிலைப்படுத்தும் 1928 சட்டம் இன்றுவரை அமலுக்கு வரவில்லை. எனவே மசோதாவிலேயே "இத்தனை நாளுக்குள் அமலுக்கு வரும்" என்ற வரியைக் கேளுங்கள். 2005 சட்டத்தில் பெரும்பகுதிக்கு 120ஆவது நாள் என்று எழுதிவைத்திருந்தார்கள். அக்டோபர் 12 அன்று வந்தது.

விதிகள் எழுதும்போது எதிர்த்தரப்பு அறைக்குள் இருப்பார்கள், நீங்கள் வெற்றி விழாவில் இருப்பீர்கள். உரிமையின் பல்லெல்லாம் அங்கேதான் பிடுங்கப்படும்.

எத்தனை ஆண்டு ஆகும்? நடுவில் விலக நேர்ந்தால்?

பிரிட்டனில் 1787இல் கூடிய குழுவுக்கு 1807 வரை ஆனது, அதுவும் அடிமை வணிகத் தடைக்கு மட்டும். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான். சுற்றறிக்கை மாற்றம் சில வாரத்திலும் முடியலாம். விலகுவதானால் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவை: சந்திப்பு நாட்குறிப்பு, ஐந்து கட்டப் பட்டியல், கடிதப் போக்குவரத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் மூல ஆவணம், யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல். கடைசியாகச் சொன்னதை எழுதிவைப்பவர்கள் குறைவு. புதிதாக வருபவர் தெரியாமல் முறித்துவிடுவதும் அதைத்தான்.